சாப்பிட வரட்டாம்

கடல் வந்து போன பிறகு என் அம்மாவின் தம்பிக்கு வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. கல்முனையிலிருந்து மருதமுனைக்குப் போகும் தெருவோரம். கடல் கொண்டுபோன மாமியும் அவர்களுடைய ஒரே மகளும் இல்லாத வீடு. மாமாவைத் தனியே விடக்கூடாதென்று அம்மா சனிக்கிழமைகளில் என்னை அங்கே அனுப்பினார். நான் அப்போது ஏழாம் ஆண்டு மாணவி. அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் முகம் சூடாகிறது.

எல்லாம் மாமாவின் சமையலால் வந்த வினை. மூன்று பேருக்கு உலை வைத்துப் பழகியவர். குறைத்து அரிசி போட அவருக்குக் கை வரவில்லை. அதனால் மூன்று பீங்கான் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"தெருவால போற ஆரையும் கூப்பிடு புள்ள. மாமா சாப்பிட வரட்டாம் எண்டு சொல்லு."

லொத்தர் சீட்டு விற்பவர், குடை திருத்துபவர், பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று எத்தனையோ பேரை மறித்திருக்கிறேன். சிலர் வந்தார்கள். பலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். டியூசன் முடிந்து அந்த வழியாக வரும் என் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமை வகுப்பில் என் குரலிலேயே, "மாமா சாப்பிட வரட்டாம்!" என்று கத்துவார்கள்.

"தனியச் சாப்பிடேலாதா மாமா?" என்று ஒருநாள் அழுதேன்.

சுனாமிக்குப் பிறகு வெகுகாலம் மாமா தேவாலயப் படி ஏறவில்லை. போதகர் தேடி வந்தபோதும் கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, தானாகவே போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். ஏனென்று யாரும் கேட்கவில்லை. நான் அழுத அன்று எனக்குத்தான் சொன்னார்.

"ஏன் என்னை மட்டும் தனிய விட்டீர் எண்டு ஆண்டவரிட்டக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனன் புள்ள. பதில் இல்ல. இப்ப கேள்விய மாத்திட்டன். சரி, விட்டுட்டீர், ஆருக்காக விட்டீர் எண்டு கேக்கிறன். அதுக்கு ஆளை அனுப்புறார்."

அனுப்புவது ஆண்டவரல்ல, தெருவில் வெயிலில் நிற்கும் நான்தான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை சைக்கிளில் சாரன் துணி விற்கும் முஸ்லிம் காக்கா ஒருவர் வந்தார். வயதானவர்; முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எதிர்ப்பக்கம் ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். அவர் காதில் விழக்கூடாதென்று அழைப்பை முணுமுணுத்தேன். அவர் பிரேக் பிடித்தார்.

"என்ன மகள் சொன்ன?"

உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. எதிர்ப்பக்கம் சிரிப்பு வெடித்தது. அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு வாசற் படலையில் தோளில் துவாயோடு நின்ற மாமாவைப் பார்த்தார். யுத்த காலம். அறியாத தமிழ் வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் காலெடுத்து வைப்பது லேசான காரியமல்ல. என்றாலும் சைக்கிளை மதிலில் சாத்தினார். வாசலில் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"மீனும் கீரையும்தான் காக்கா. இந்தச் சட்டியில இறைச்சி காய்ச்சினதே இல்ல," என்றார் மாமா.

"இண்டைக்கு அனுப்பின ஆளுக்காக ஸ்தோத்திரம்" என்று மாமா ஜெபித்து முடிக்கும்வரை காக்கா சோற்றில் கை வைக்கவில்லை. பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் எடுத்தவர் என்னைக் காட்டிக் கேட்டார்.

"உங்கட மகளா தம்பி?"

அகப்பையோடு நின்ற மாமாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் இவ்வளவு பெரிய ஆள் விம்மி அழுகிறாரே என்று எனக்கு உடம்பு கூசியது. எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் பார்க்காதபடி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.



"எங்கட வீட்டிலயும் கடலோட ரெண்டு பேர், தம்பி." காக்கா பீங்கானை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

மாமா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டார். காக்கா மறுபடியும் கேட்டார், மாமா மறுபடியும் போட்டார். வழக்கமாகச் சோற்றை அளைந்துகொண்டிருக்கும் மாமாவும் அன்று பீங்கானை வழித்துச் சாப்பிட்டார்.

படலை வரைக்கும் காக்காவோடு போனேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறச் சிரமப்பட்டார்.

"நல்ல பசியா காக்கா?"

"பசியா? வீட்டில வயிறு முட்டத் திண்டுட்டுத்தான் மகள் வெளிக்கிட்ட. மாமாட்டச் சொல்லிராதங்க."

பசியே இல்லாத ஒருவருக்காகவா இத்தனை பேர் முன்னால் நான் அவமானப்பட்டேன்? வீட்டுக்குப் போனதும், அந்த ஆள் வீட்டில் தின்றுவிட்டு வந்த பொய்க்காரர், மாமா நன்றாக ஏமாந்துவிட்டார் என்று அம்மாவிடம் கொட்டினேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார்.

"அந்தக் காக்கா அடுத்த கிழமையும் வருவாராமா?" என்று கேட்டார்.

அம்மாவும் சேர்ந்து ஏமாறுகிறாரே என்று நினைத்தேன்.