சாவி யார் பையில்

என் அக்காவின் இடது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் மைனா தின்றுவிட்டாள். இப்படிச் சொன்னால் அக்கா என்னை முறைப்பாள். முறைக்கட்டும்.

மைனா அக்காவின் பள்ளித் தோழி. நகமும் சதையும் என்பாள் அம்மா. பாதி நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அம்மா அவளுக்குத் தலைகூட வாரிவிடுவாள். ஆனால் அக்கா வேறொருத்தியோடு சிரித்துப் பேசிவிட்டால் போதும், மைனா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அக்காதான் போய்க் கெஞ்ச வேண்டும்.

பதினேழு வயதில் இருவரும் ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய இயந்திரம் ஒன்று. பழசு, கதவு திறந்திருந்தாலும் சுற்றும். அதனால் ஒரு கண்டிப்பு உண்டு: சுத்தம் செய்ய உள்ளே கையை விடுகிறவர், இயந்திரத்தை ஓட்டும் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று அக்கா இஸ்திரி போடும் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாள். மைனாவுக்குப் பொறுக்கவில்லை. சுத்தம் செய்ய அக்கா சாவியைக் கழற்றியதும் மைனா கையை நீட்டினாள்.

"என்கிட்ட குடு."

"நானே வச்சுக்கறேன்டி."

"என்னை நம்பலையா?"

அக்கா கொடுத்துவிட்டாள். அவள் கை உள்ளே இருக்கும்போதே இயந்திரம் சுற்றியது.

ஆஸ்பத்திரியில் மைனா அக்காவின் காதருகே குனிந்து அழுதாள். "சும்மா பயமுறுத்தத்தான்டி போட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

அக்கா சொல்லவில்லை, பைத்தியக்காரி. இயந்திரம் தானாகச் சுற்றியது என்றாள். அதற்குள் மைனா முதலாளியிடம் போய், "அவதான் போடச் சொன்னா" என்று சொல்லியிருந்தாள். அக்கா பொய்க்காரி ஆனாள், வேலையும் போயிற்று. அம்மாகூட, "எதுக்குடி பொய் சொன்ன?" என்று அக்காவைத்தான் கேட்டாள். மைனா அதே வேலையில் நீடித்தாள். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. கூட இருந்தே குழி பறித்தவள். பல வருடம் கழித்து அக்கா என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அன்றிலிருந்து என் வயிறு எரிகிறது.

இப்போது அக்காவுக்குச் சொந்தமாக ஒரு சலவைக்கடை. கல்லூரியில் படிக்கும் மகள் விடுமுறையில் வந்து உதவுகிறாள். விரல்கள் ஏதோ விபத்தில் போயின என்று மட்டுந்தான் அவளுக்குத் தெரியும்.

நேற்று நானும் கடையில் இருந்தேன். அக்கா சாவியைக் கழற்றிக்கொண்டு இயந்திரத்துக்குள் குனிந்தாள். மகள் கையை நீட்டினாள்.

"குனியறப்ப விழுந்துடும்மா. என்கிட்ட குடு, நான் வச்சுக்கறேன்."

"வேண்டாம்."

மகள் சிரித்தாள். "ஏம்மா, என்னை நம்பலையா?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அந்த மூன்று விரல்களுக்குள் சாவியை இறுக்கிக்கொண்டாள்.

"நம்பல" என்றாள், பெற்ற மகளிடம்.