அமெரிக்காவுக்கு ஊராட்சித் தலைவர் சிபாரிசு

முழு உதவித்தொகையோடு அரசியல் அறிவியலில் பிஎச்.டி. தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைத் தேடியே ஒரு வருடத்தைத் தொலைத்தேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் தினமும் அதே வேலைதான். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். பாதி உதவித்தொகை என்றால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுவேன். மீதிப் பாதிக்கு அப்பா மல்லாட்டைப் பயிர் போடும் நிலத்தை விற்க வேண்டிவரும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்பாவுக்கு ஒரே சந்தேகம். "படிக்கிறதுக்கு அவனே சம்பளம் குடுக்குறானா? அவனுக்கு இன்னாம்மா லாபம்?"

கடைசியில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் சரியாக அமைந்தது. "மூணு பேரு சிபாரிசு லெட்டர் குடுக்கணும்பா" என்று போகிறபோக்கில் சொல்லித் தொலைத்தேன். என் பேராசிரியர்களே அதை நேராக அனுப்பிவிடுவார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அப்பா ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"தலைவரு லெட்டர் வாங்கிக்கினு வந்துட்டேன். இன்னொண்ணு மண்டிக்காரரு தர்றேன்னாரு."

'மேற்படியார் எமது ஊராட்சியைச் சேர்ந்தவர், எந்த வம்புதும்புக்கும் போகாதவர், அன்னாருக்கு ஆவன செய்யவும்' என்று ஊராட்சித் தலைவர் அமெரிக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று இடத்தில் முத்திரை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சிரிப்பாங்கப்பா!"

"சிரிக்கட்டும். லெட்டர் இல்லாம போனா தாலுகா ஆபீஸ்லயே உக்கார சொல்ல மாட்டான். நீ அமெரிக்காவே போற."

அவர் முகம் வாடியது பொறுக்காமல், விண்ணப்பத்தில் 'இதர ஆவணங்கள்' என்ற இடத்தில் அதை ஏற்றினேன். அதையெல்லாம் எவர் திறந்து பார்க்கப் போகிறார்?

திறந்து பார்த்திருந்தார்கள். கணினித் திரையில் நடந்த நேர்காணலில், ஒரு பேராசிரியை முதல் கேள்வியாகவே அந்த முத்திரைக் காகிதம் என்னவென்று கேட்டார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இத்தனைக்கும் நான் எடுத்திருந்த ஆய்வுத் தலைப்பு, அரசாங்கத்தில் ஒரு காரியம் ஆக எங்கள் பக்கத்து மக்கள் ஏன் யாரையாவது பிடிக்கிறார்கள் என்பதுதான். பக்கம் பக்கமாக எழுதியவள் சொந்த வீட்டைக் கவனிக்கவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். பட்டா மாற்றத்துக்குக்கூட யார் வாசலுக்கும் போகாத அப்பா, இதற்காக இரண்டு நாள் தலைவர் வீட்டு வாசலில் நின்றதையும் மறைக்கவில்லை. அந்த அம்மா சிரிக்கவில்லை. வேறு எதைப் பற்றியும் கேட்கவும் இல்லை.

முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. நான் அழுதேவிட்டேன். அப்பா அசரவில்லை. "நான் சொன்னேன் இல்ல?" என்றார்.

நேற்று இனிப்புப் பெட்டியோடு என்னைத் தலைவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். வெளிநாட்டுப் படிப்புக்கு லெட்டர் கேட்டு வாசலில் ஏற்கெனவே நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"அங்க எதுனா பேஜாருன்னா நம்ம பேரைச் சொல்லும்மா" என்றார் தலைவர்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வருடம் பேருந்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாள் வாசலில் நின்ற அப்பாவுக்குத் தலைவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சரிங்க தலைவரே" என்றேன்.