ஆர்கா செவனும் அழிந்துபோன முந்தானையும்

தேவிப்ரியாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆரணியில் தணிகாசலம் நடத்திய டிசைன் சென்டரில், பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவள் வேலை. திரையில் கட்டம் கட்டமாக நிறம் அடைத்துக்கொண்டே போக வேண்டும். அதைப் பார்த்து ராஜவேலு, தறியில் பூவேலைக்கு இழை தூக்க வழி சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பார். அட்டை தறிக்குப் போகும். சென்டரில் மொத்தமே இந்த மூன்று பேர்தான்.

தணிகாசலம் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். ராஜவேலு சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் துண்டை விரித்துப் படுப்பார். அந்த இரண்டு மணி நேரமும் தேவிப்ரியா ஆரணியில் இருக்க மாட்டாள். ஆர்கா செவனில் இருப்பாள்.

ஆர்கா செவன் ஒரு கம்ப்யூட்டர் கேம். கல்லூரித் தோழி கொடுத்த டிவிடியிலிருந்து, யாருக்கும் தெரியாமல் ஆபீஸ் மெஷினிலேயே ஏற்றியிருந்தாள். கதை நடப்பது காற்றே இல்லாத ஒரு சிவப்புக் கிரகத்தில். மனிதர்கள் ஏழு கண்ணாடிக் கூண்டுகளுக்குள் ஊர் அமைத்து வாழ்கிறார்கள். விளையாடுகிறவள் அங்கே குழாய் பழுது பார்க்கும் பெண். எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். இன்று போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பத்து நாள் விளையாட்டுக்குப் பிறகு பலன் வந்து நிற்கும். தேவிப்ரியாவை அதுதான் பிடித்து வைத்திருந்தது.

மூன்றாம் கூண்டில் ஒரு வால்வு மூடாமல் விடப்பட்டு, காற்று கசிந்து, பதினொரு பேர் செத்துப்போகிறார்கள். வால்வை மூட மறந்தது குழாய்க்காரிதான், அதாவது ஆடிய தேவிப்ரியாதான். சபை கூடி, யார் செய்தது என்று கேட்கிறது. முதல் தடவை அவள் தோவன் என்ற மெக்கானிக்கைக் கை காட்டினாள். அவனைக் கவச உடை இல்லாமல் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அன்று சாயங்காலம் அவளுக்குக் காபி இறங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆடினாள். அந்தத் தடவை வாயே திறக்கவில்லை. அப்போதும் தோவன்தான் வெளியே போனான். மூன்றாம் தடவை, நான்தான் என்று சொல்லிப் பார்ப்பது என்று முடிவு செய்து, இரண்டு மாதமாக மதியம் மதியமாக நடந்து, ஒரு புதன்கிழமை சபை வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

அப்போது திரையில் கேமுக்குப் பின்னால் ஒரு முந்தானை டிசைன் திறந்தபடி இருந்தது. காஞ்சிபுரத்துக் கடை ஒன்று கல்யாண சீசனுக்குக் கேட்டது. பத்தொன்பது நாள் உழைப்பு. சனிக்கிழமைதோறும் டிசைனை சிடியில் பதிந்து வைக்க வேண்டும். கேம் மும்முரத்தில் மூன்று சனிக்கிழமையாக அதை விட்டிருந்தாள்.

சபைத் தலைவி கேட்டாள். தேர்ந்தெடுக்க வேண்டிய பதில்கள் திரையில் வந்தன. தேவிப்ரியா மவுஸை நகர்த்தினாள். நகரவில்லை. படம் அப்படியே உறைந்து நின்றது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அசைவில்லை. மணி இரண்டே முக்கால். வேறு வழியில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாள்.

மெஷின் மறுபடி உயிர் பெற்றதும் முதலில் முந்தானையைத் திறந்தாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை. பைல் பழுதாகிவிட்டது என்றது கம்ப்யூட்டர். தெருமுனையில் தணிகாசலத்தின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக ஆர்கா செவனை அழித்தாள். மூன்று தடவை ஆடியதும் அதோடு போயிற்று.

தணிகாசலம் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். "இன்னாம்மா, முந்தானை எங்கே?"

"திறக்க மாட்டேங்குது சார்."

அவர் முகம் கறுத்தது. காலையில் கரண்ட் போனபோது ராஜவேலு மெயின் சுவிட்சை அணைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு டிசைன் திறந்ததா என்று கேட்காமலே பின்னறையைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ் ராஜவேலு! காலையில மெயினை ஆஃப் பண்ணியா?"

"ஆமா சார். கரண்டு வந்து வந்து போய்கினு இருந்துச்சி, அதான்..."

"மெஷின் ஓடிகினு இருக்கும்போது ஆஃப் பண்ணா இன்னா ஆவும்னு தெரியாது? பத்தொம்பது நாள் வேலைய்யா! நாளையிலேர்ந்து நீ வராதே."

காலையில் கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடிய பிறகுதான் ராஜவேலு மெயினைத் தொட்டார். அது தேவிப்ரியாவுக்குத் தெரியும். மூடியது அவள்தான். ராஜவேலு அவளைப் பார்த்தார். அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். பதினோரு வருஷம் அங்கே அட்டை அடித்த மனிதர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் அப்பா பரசுராமன் தறியில் இருந்தார். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

மறுநாள் சென்டர் திறக்கும் முன்பே போய் நின்றாள். தணிகாசலம் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ராஜவேலு அண்ணா மேல தப்பில்ல. நான்தான்."

ஷட்டர் பாதியில் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேம், பவர் பட்டன், சிடி. அவர் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எத்தினி நாளா?"

"எட்டு மாசமா சார்."

"நேத்து அவரை நான் அப்பிடி பேசறப்போ பக்கத்துலதானே குந்திகினு இருந்த?"

அவள் தலையாட்டினாள்.

"போய் அவரைக் கூட்டிகினு வா. உன் சங்கதி அப்புறம்."

ராஜவேலுவின் வீட்டு வாசலில் அவர் மனைவி சின்னபொண்ணு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா வாய் திறக்காததை ராஜவேலு அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. ராஜவேலு வெளியே வந்து, தேவிப்ரியா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீ மூடினதுக்கு அப்புறம்தானே நான் ஆஃப் பண்ணேன்? உனக்கு தெரியுமில்ல?"

"தெரியும்ணா."

"அப்போ ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சிண்ணா."

துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "உன்கிட்ட எனக்கு கோவம் இருக்குது. அது இருக்கட்டும். ஆனா வரச் சொல்றதுன்னா அவரு வந்து சொல்லணும். பதினோரு வருஷத்துல என்னை ஒரு வார்த்தை நின்னு கேக்கல" என்றார்.

திரும்பிப் போய் இதைத் தணிகாசலத்திடம் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். அவர் பேனாவை மேஜையில் போட்டார். எழுந்தார். ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

ராஜவேலுவின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியவர் இறங்கவில்லை. இன்ஜினை மட்டும் அணைத்தார். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"ராஜவேலு, நேத்து நான் பேசினது தப்பு. வா."

சின்னபொண்ணுதான் உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்து புருஷன் கையில் கொடுத்தாள்.

முந்தானையை மறுபடி போட ஒன்பது நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தார்கள். பழைய பென்சில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ராஜவேலு கட்டங்களை எண்ணிச் சொல்லச் சொல்ல, அவள் அடைத்தாள். முதல் நான்கு நாள் எண்களைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. ஐந்தாம் நாள், "அப்பிடி இன்னா கேம்மா அது?" என்று கேட்டார். சொன்னாள். கூண்டு, வால்வு, சபை எல்லாம்.

"அந்த மெக்கானிக் இன்னா ஆனான்?"

"தெரியலண்ணா. நான்தான்னு சொல்றதுக்குள்ள நின்னுபோச்சி."

அவர் வரைபடத்தில் விரல் வைத்திருந்த இடத்தைத் தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

ஆர்டர் ஐந்து நாள் தாமதமாகப் போனது. கடைக்காரர் போனில் கத்தினார், ஆனால் எடுத்துக்கொண்டார். தணிகாசலம் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மதியம் போகும்போது கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார், ஒரு வருஷம் வரைக்கும்.

மறு வருஷம் பொங்கலுக்குப் பிறகு தேவிப்ரியா வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினாள். தறி ஓயும் அமாவாசை நாட்களில், அப்பா வெளியே போயிருக்கும்போது, தோழியின் டிவிடியை அதில் ஏற்றி, நான்காம் தடவையாக ஆர்கா செவனை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வால்வாக நின்று, மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நடந்தாள்.