சேவியர் வாசித்த கிதார்

இறந்துபோன நண்பனின் வாசிப்பை என்னுடையது என்று சொல்லிக்கொண்டேன்.

ராக் கிதார் மேதை ஒருவரைக் கொண்டாடும் பாட்காஸ்ட் அது. அவருடைய இசையை ரசிகர்கள் வாசித்து அனுப்பலாம் என்றார்கள். விஸ்வநத்தம் பட்டாசு ஆலை விபத்தில் இடது கையில் இரண்டு விரல்களை இழந்த பிறகும் என் நண்பன் சேவியர் வாசித்துக்கொண்டுதான் இருந்தான். நான் கேசட்டில் பதிந்து வைத்திருந்த அந்த வாசிப்பை என் பெயரில் அனுப்பினேன்.

ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். "அந்த இழுப்பு எப்படி வருது சார்? உங்க கையைக் காட்டுங்க!" என்று விடாமல் கேட்டார்கள். குறையில்லாத என் விரல்களைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

திருத்தங்கலிலிருந்து அவன் தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள்.

"வாத்தியாரண்ணே, எங்கண்ணன் எப்ப உங்க கைக்குள்ள புகுந்தாக?"

அன்றே பாட்காஸ்ட்காரர்களுக்கு உண்மையை எழுதி, முழுப் பதிவையும் வெட்டாமல் அனுப்பினேன். அவன் பெயரைச் சொல்லி மறுபடி ஒலிபரப்பினார்கள். ஸ்டெல்லா வீட்டில் உட்கார்ந்து அவள் போனில் கேட்டோம். கிதார் ஓய்ந்ததும், நான் முன்பு வெட்டியெறிந்த சேவியரின் குரல் வந்தது.

"நல்லா வந்துச்சாலே?"

பதிவு செய்த என்னிடம்தான் கேட்டிருக்கிறான். கேசட்டில் என் பதில் இல்லை.

ஸ்டெல்லா போனைப் பார்த்து, "நல்லா வந்துச்சுண்ணே" என்றாள்.

அவன் இசையை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை.