எங்கள் கச்சேரி ஃபிளெக்ஸ் போன இடம்

எங்கள் இசைக்குழுவின் இந்த வருடக் கச்சேரி அறிவிப்பு ஃபிளெக்ஸைப் பூதலூர் ஸ்டேஷன் வாசலில் இன்னும் காணோம்.

கட்டச் சொல்லி வயலின் வாசிக்கும் செல்வம் அண்ணனிடம் கொடுத்திருந்தேன். ஒத்திகைக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

திட்டிவிடுவது என்றுதான் இன்று காலை கிளம்பினேன்.

நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தார். அவருடைய நெல் குவியலின் மேல் எங்கள் ஃபிளெக்ஸ். ஐந்து கச்சேரித் தேதிகளும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. அங்கே காத்திருந்த அளவுக்குக் கூட்டம் போன வருடம் எங்கள் எந்தக் கச்சேரிக்கும் வந்ததில்லை.

"கோச்சுக்காத தம்பி. திடீர்னு மழை புடிச்சிக்கிச்சு, கையில இதான் இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை மொதக் கச்சேரிண்ணே."

"ஈரம் காயாம எடை போட மாட்டாங்க. இத விட்டுட்டு நான் எங்க வர்றது?"

பதில் சொல்வதற்குள் மறுபடி தூறல். காற்றில் ஃபிளெக்ஸின் ஒரு முனை தூக்கியது. திட்ட வந்த நானே ஒரு செங்கல்லைத் தேடி மூலையில் வைத்தேன்.

குழுவில் பதினோரு பேர். ஏழு பேருடைய நெல் அங்கேதான் கிடக்கிறது.

யாரிடமாவது பழைய ஃபிளெக்ஸ் இருந்தால் சொல்லுங்கள். கச்சேரிக்கு இல்லை. எங்கள் மிருதங்கக்காரரின் குவியல் திறந்து கிடக்கிறது.