ஜாவாவில் நான் அடித்த முளைகள்

எல்லைக்கு நான் அடித்த முளையைப் பிடுங்க ஒருத்தனும் பிறக்கவில்லை என்றுதான் போன வருஷம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். சூலூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். பதினோரு வயதில் தறிக்குடோனில் நூல் சுற்றப் போனேன். முப்பது வயதில் எனக்கே சொந்தமாகப் பன்னிரண்டு தறி ஓடியது. சரவணம்பட்டி சோளக்காடாகக் கிடந்தபோதே அங்கே நிலம் வாங்கினேன். இந்தக் கரட்டுக் காட்டை வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று சிரித்தவர்களின் பேரன்கள் இன்றைக்கு அங்கே கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிறார்கள். பத்திரம் படிக்க எனக்குக் கொஞ்சம் நேரமாகும். மண்ணையும் ஆளையும் கணிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

ஜாவாவில் இது எதுவுமே எடுபடவில்லை.

என் மகன் அங்கே ஒரு நூல் மில்லில் டெக்னீஷியனாகப் போய் எட்டு வருஷமாகிறது. அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். மில்லிலிருந்து முக்கால் மணி நேரம் உள்ளே தள்ளி, அவளுடைய கிராமத்தில் வீடு. அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான் என்று ஒரு மாதம் போய் இருந்தேன். மாட்டை யார் பார்ப்பது என்று என் வீட்டுக்காரி வரவில்லை.

ஊரைக் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் நெல்வயல், தூரத்தில் புகை விடும் ஒரு மலை, தினமும் பெருக்கிய மண்சந்து. ஆனால் அப்படி ஓர் அமைதி. ஒரு வீட்டிலும் சத்தம் போட்டுப் பேசுவது கிடையாது. தறிச்சத்தத்தில் வளர்ந்த எனக்கு இரண்டாவது நாளே காது அடைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மகனிடம் கேட்டேன்.

"ஊடு யாரு பேருல இருக்குது கண்ணு?"

"எல்லாஞ் சரியா இருக்குதுங்கப்பா. நீங்க சாப்புடுங்க."

அவன் பேச்சை மாற்றியது எனக்குப் பிடிபடவில்லை. என் யோசனையெல்லாம் வேறு. அவன் அந்நிய ஊர்க்காரன். நாளைக்கு ஒன்று என்றால் காலூன்றி நிற்க அவனுக்கென்று ஓர் அடி மண் வேண்டாமா? அதை வாங்கிக் கொடுக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டுக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு சென்ட் சும்மா கிடந்தது. எதிர்வீட்டுக் கிழவருடையது. என் வயதுதான் இருக்கும், மனைவியை இழந்தவர்.

நம் முறைப்படியே செய்தேன். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே ஒரு நோட்டு. பேச மருமகளைக் கூட்டிக்கொண்டு போனேன். என் மகன் அவளுக்கு நம் பக்கத் தமிழை நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவள் பேசப் பேசக் கிழவர் தலையாட்டினார். கடைசியில் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நம் ஊரில் தட்டை வாங்கிவிட்டால் நிலம் முடிந்த மாதிரிதான். அதற்குப் பிறகு பேச்சு மாறுகிறவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"நெலத்துக்குத்தான்னு தெளிவாச் சொன்னயா அம்மணி?"

"சொன்னனுங்க மாமா. மெதுவாச் சொன்னனுங்க."

அந்த 'மெதுவா' என்ற சொல்லில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் கயிறும் மூங்கில் முளைகளுமாக இறங்கினேன். சைக்கிளில் போன இரண்டு பேர் நிறுத்தி, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள். ஒருவர் போய்ச் சுத்தியல் கொண்டுவந்தார். கிழவர் டீ கொண்டுவந்து கொடுத்தார்! பன்னிரண்டு முளை. நூல் பிடித்த மாதிரி நேராக அடித்தேன். வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, முடிஞ்சுபோச்சு என்றேன்.

"அங்கயும் போயி கவுறு புடிச்சாச்சுங்களா? அந்த ஊரையாச்சும் உட்டுப்போட்டு வாங்க" என்றாள்.

அதற்கு மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால், பன்னிரண்டு முளையும் வாசலில் இருந்தன. மண்ணைக் கழுவி, வாழைநாரால் கட்டி, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. சோறு, நூடுல்ஸ், அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். அது நான் கொடுத்த சீப்பிலிருந்து வந்த பழம்.

மருமகள்தான் விளக்கினாள். முந்தின நாள் சாயங்காலம், முளை அடித்த களைப்பில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, கிழவர் தன் மனைவி நினைவாக ஊரைக் கூப்பிட்டு வேண்டுதல் நடத்தியிருக்கிறார். என் தட்டை அதற்கு வந்த சீராக எடுத்துக்கொண்டாராம். பழம் வீட்டுக்கு ஒன்றாகப் போயிற்று. நோட்டு அரிசியாகிவிட்டது. நிலம் தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது இந்த ஊரில் வழக்கமில்லையாம்.

"உங்க பேரையுஞ் சொல்லி வேண்டிக்கிட்டாங்க மாமா."

நேரே போய்க் கத்தினேன். கிழவர் பாய் விரித்து உட்காரச் சொன்னார். இன்னும் கத்தினேன். டீ ஊற்றினார். எதிர்த்துக் கத்துகிறவனை எனக்குத் தெரியும், எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். சிரித்துக்கொண்டே டீ கொடுக்கிறவனை என்ன செய்வது? தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

விடவில்லை. மகனை லீவு போடச் சொல்லி டவுனில் பத்திரம் எழுதும் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். இந்த இடம் இல்லாவிட்டால் இன்னொன்று. அங்கிருந்தவர் கேட்டுவிட்டுச் சொன்னதை மகன் எனக்குச் சொன்னான். வெளிநாட்டுக்காரர் பேரில் நிலத்தைக் கிரயம் செய்ய முடியாது. மருமகள் பேரில் வாங்கலாம். ஆனால் அதில் தனக்குப் பங்கே கிடையாது என்று புருஷன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

நாற்காலியைத் தள்ளி எழுந்தேன். "எம்பையன் பங்கில்லாம எழுதித் தர்றதா? எந்திரிடா, போலாம்."

அவன் எழவில்லை.

"அந்தக் கையெழுத்த நாம்போட்டு நாலு வருசமாச்சுங்கப்பா. ஊடு வாங்கறதுக்கு முன்னாலயே."

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லுல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"நாளைக்கு அவ தொரத்திப்போட்டா எங்கடா போவ?"

"அவளே தொரத்துனதுக்கப்பறம் மண்ண வெச்சு என்னங்கப்பா பண்றது?"

முட்டாள் பேச்சு. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். வீட்டில் மருமகள் சோறு வைத்துக் காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்திருக்கும். நான் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"மாமா, எனக்கும் சூலூருல ஓரடி மண்ணு இல்லீங்க. ஆனாலும் வந்து இருபது நாளு இருந்தனுங்க. அத்தை எனக்குத் தலைக்கு எண்ணெ வெச்சு உட்டாங்க."

தட்டை இழுத்து வைத்துக்கொண்டேன். சாப்பிட்டு எழுந்தேன்.

கிளம்புகிற அன்று அந்த முளைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழவரிடம் நீட்டினேன். கோபத்தில்தான். உன் மண்ணையும் வைத்துக்கொள், இதையும் வைத்துக்கொள் என்று அர்த்தம். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் மகன் வீடியோ காலில் வந்தான். பின்னால் அந்தக் கிழக்குப் பக்கம் தெரிந்தது. கிழவரும் என் மருமகளும் குனிந்து தக்காளிச் செடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட தோட்டமாம். ஊன்றிய குச்சிகளைப் பார்த்ததுமே தெரிந்தது, என் முளைகள்தான்.

"பாத்தீங்களாங்கப்பா? உங்க மொளையவே திரும்ப நட்டாச்சு."

பார்த்தேன். வரிசை ஒரு சாண் கோணல். போனை வாங்கிய மருமகளிடம், மூன்றாவது முளையைப் பிடுங்கித் தள்ளி அடிக்கச் சொன்னேன். அவள் கிழவரிடம் ஏதோ சொன்னாள். அவர் போனைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

மறுநாளும் கூப்பிட்டுப் பார்த்தேன். முளை முந்தின நாள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.