ரவிக்குமாருக்குத் தெரிந்த அடுக்கு

ரவிக்குமாருக்கு வயிறு எரிந்தது. பக்கத்து அறையில் புது ஆசிரியை கேரலின் வகுப்பு நிரம்பி வழிவதைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. டெலிகாம் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்த ரவிக்குமார், விவேக் நகரில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் இந்த நெட்வொர்க்கிங் பயிற்சி நிலையத்தில் தமிழ் பேட்ச் என்றாலே அவர்தான் என்று பெயர் வாங்கியிருந்தார். பொம்மசந்திரா தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் அவரைத் தேடித்தான் வந்தார்கள். நேற்று வந்த கேரலிடம் இப்போது கூட்டம் அள்ளுகிறது. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பேட்ச்சையும் ஒருவரிடமே கொடுக்கப் போகிறேன் என்று உரிமையாளர் வேறு சொல்லிவிட்டார். அப்படி என்னதான் சொக்குப்பொடி போடுகிறாள் என்று பார்க்க, ஞாயிறு காலை அவரே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தன் மாணவர்களில் கெட்டிக்காரியான தாரணியையும் கூட்டிப் போனார். கேரல் திணறுவதை அவள் பார்க்க வேண்டுமாம்.

பலகையில் நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகளும் வரையப்பட்டிருந்தன. ரவிக்குமார் கையைத் தூக்கினார்.

"மேடம், டேட்டா எந்த வழியா போகணும்னு ரூட்டருங்க தங்களுக்குள்ள பேசிக்குதே, அந்த ரூட்டிங் புரோட்டோகால் எந்த அடுக்கு?"

எல்லோரும் சொல்வதுபோல் மூன்றாவது என்று மட்டும் சொல்லட்டும், பிய்த்து எடுத்துவிடலாம் என்று காத்திருந்தார்.

"வேலை மூணாவது அடுக்குக்காக சார். ஆனா உக்கார்ற இடம் ஒண்ணொண்ணுக்கும் வேற. ஓஎஸ்பிஎஃப்ங்கற புரோட்டோகால் நேரா மூணாவது அடுக்கு ஐபி மேலயே போகுது. பிஜிபி நாலாவது அடுக்கு டிசிபிய புடிச்சுக்கிட்டுப் போகுது. பஸ் ரூட் போடற ஆபீசரும் பஸ் ஏறித்தானே ஆபீசுக்கு வர்றாரு?"

வகுப்பு சிரித்தது. இத்தனை வருடம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த பஸ் எனக்குத் தோன்றவில்லையே என்று ரவிக்குமார் பொருமினார்.

"அப்ப ஐஎஸ்-ஐஎஸ் மேடம்?" என்றான் முன்வரிசையில் இருந்த கவின். அதுவும் ரூட்டிங் புரோட்டோகால்தான்; பெரிய டெலிகாம் கம்பெனிகளில் ஓடுவது.

"அத நான் தொட்டதில்லப்பா. ரவிக்குமார் சார் டெலிகாம்ல இருந்தவரு. சார், நீங்க சொல்லுங்களேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது ஐபியை நம்பியே இல்லை, நேராக இரண்டாவது அடுக்கின் மேல் ஏறிப் போகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரவிக்குமார் சொல்வார். ஆனால் இவளுக்கு நான் ஏன் கை கொடுக்க வேண்டும்? மாட்டிக்கொண்டு முழிக்கட்டும்.

"எனக்கும் தெரியலையே மேடம்," என்றார்.

"பரவால்ல சார்." கேரல் துளியும் அசரவில்லை. லேப்டாப்பைத் திறந்து தேடி, பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, ஒரு ஐஎஸ்-ஐஎஸ் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினாள். "பாருங்க, எங்கயும் ஐபி ஹெடரே இல்ல. நேரா ரெண்டாவது அடுக்கு மேல உக்காந்திருக்கு."

தாரணியும் எழுந்து போய் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

படி இறங்கும்போது அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், தப்பா நினைக்காதீங்க. நான் மேடம் பேட்ச்சுக்கு மாறிக்கறேன்."

"ஏம்மா?"

"அவங்களுக்கும் தெரியலதான் சார். ஆனா தேடிப் பாத்தாங்க. நீங்க தெரியலன்னுட்டு அப்படியே உக்காந்துட்டீங்க."

எனக்குத் தெரியும் என்று சொல்ல ரவிக்குமார் வாயைத் திறந்தார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி கேட்பாளே.

"சரிம்மா, மாறிக்கோ," என்றார்.